மரச் சர்க்கரையும் டெல்டாவின் வைக்கோலும்

கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள குடவாசல், சேர மன்னன் கணைக்கால் இரும்பொறை சிறைவைக்கப்பட்ட கோட்டம் இருந்த ஊர் என்றும், சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனாரின் ஊர் என்றும் இலக்கிய மரபில் அறியப்படுவது. பழமை மிக்க இவ்வூரைச் சுற்றி வயலும் வாய்க்காலும் தோப்பும் உண்டே தவிர, காடு என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. வண்டல் நிலம் முழுவதையும் நெல் எடுத்துக்கொண்டதால், காவிரிப் படுகையின் இப்பகுதி மக்கள் அடுப்பெரிக்கவும் கூரை வேயவும் மரத்தை நம்பாமல், வரட்டி, தென்னை மட்டை, ஆற்றங்கரை மூங்கில், உமி, வைக்கோல் ஆகியவற்றைக் கொண்டே பல நூற்றாண்டுகள் காலம் தள்ளினர். மரத்தூளிலிருந்து சர்க்கரையைப் பிரித்து, அதைப் புளிக்கவைத்து வண்டி ஓட்டும் எரிபொருளாக மாற்றுகிற தொழில் ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா போன்ற காடு மிகுந்த நாடுகளில் வளர்ந்தது என்பதால், அதன் வரலாற்றில் குடவாசலுக்கு என்ன இடம் என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் வேதியியல் நோக்கில் வைக்கோலும் உமியும் மரமும் ஒரே சரக்கு. மேலும், அத்தொழிலின் இருநூறு ஆண்டு வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், ஆலைகள் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் பெரும்பாலும் சர்க்கரை எடுக்கும் நுட்பத்தால் அமையவில்லை என்பதும், மூலப்பொருளுக்கு வேறு உரிமைக்காரர் இருந்தாரா, போட்டிச் சரக்கு மலிவாகக் கிடைத்ததா என்பதே முடிவைத் தீர்மானித்தது என்பதும் புலப்படும். அந்த வகையில், வைக்கோலுக்கு யார் யார் உரிமை கொண்டாடினர் என்ற டெல்டாவின் கதையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகிறது.

மரம், புல், வைக்கோல் எதுவானாலும், செடியின் உடலைத் தாங்கி நிற்கும் சுவர் மூன்று பொருள்களால் ஆனது. முதலாவது செல்லுலோஸ், இது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்த நீண்ட சங்கிலி. இரண்டாவது ஹெமிசெல்லுலோஸ், இதுவும் சர்க்கரைகளால் ஆனதே என்றாலும், வைக்கோலில் இதன் பெரும்பங்கு சைலோஸ் என்னும் வேறு வகைச் சர்க்கரை. மூன்றாவது லிக்னின்; இது சர்க்கரையே அல்லாத, முதல் இரண்டையும் இறுகப் பற்றி நிறுத்தும் பசை போன்ற பொருள். சோற்றில் உள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான் என்றாலும், அதில் கண்ணிகள் இணைந்திருக்கும் கோணத்தை மனிதரின் உமிழ்நீரே பிரித்துவிட வல்லது. செல்லுலோஸில் அந்தக் கோணம் மாறியிருப்பதால், சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டு, நீர் புகாத படிகமாக இறுகிவிடுகின்றன. ஒரே கதிரில் விளைந்த அரிசி மனிதருக்கும் வைக்கோல் மாட்டுக்கும் போவது இந்தச் சிறு வேறுபாட்டினால்தான்.

படிகத்தை முதலில் உடைத்துக் காட்டியவர், பிரான்சு நாட்டின் நான்சி நகரத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஆன்ரி பிராக்கோனோ என்னும் வேதியியலாளர். 1819ஆம் ஆண்டில் அவர் கிழிந்த லினன் துணி, மரத்தூள், வைக்கோல் போன்றவற்றைச் செறிந்த கந்தக அமிலத்தில் ஊறவைத்தார். அவை கரைந்து கூழானதும் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, மிஞ்சிய அமிலத்தைச் சுண்ணாம்புப் பொருளால் முறித்து, வடிகட்டி, பாகாகக் காய்ச்சி, இனிப்புப் படிகங்களைப் பெற்றார். எடுத்துக்கொண்ட துணியின் எடையைவிடக் கிடைத்த சர்க்கரையின் எடை கூடுதலாக இருந்தது அக்காலத்தவரை வியப்பில் ஆழ்த்தியது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அறுபடும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு அதனோடு சேர்ந்துகொள்வதால், 100 கிலோ செல்லுலோஸ் முழுவதும் பிரிந்தால் 111 கிலோ குளுக்கோஸ் கிடைக்கும் என்பது பிற்காலத்தில் விளங்கிய கணக்கு. செல்லுலோஸ் என்ற பெயரே பிராக்கோனோவின் சோதனைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1838இல், ஆன்செல்ம் பயென் என்னும் மற்றொரு பிரெஞ்சு வேதியியலாளர் வைத்தது.

ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது ஆலைக்கு வர நூறாண்டு பிடித்தது. அமிலமும் சூடும் சேர்ந்தால் செல்லுலோஸ் சர்க்கரையாகும். ஆனால் அதே அமிலமும் சூடும் சற்று நேரம் கூடினால் அந்தச் சர்க்கரையையே சிதைத்து, ஈஸ்ட்டுக்கு நஞ்சாகும் பொருள்களாக மாற்றிவிடும். முதல் உலகப் போரையொட்டி அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன், ஃபுல்லர்டன் ஆகிய இரு ஊர்களில், மர ஆலைகளின் தூளிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் இயங்கின. போர் முடிந்து, மர அறுப்பும் குறைந்து, கரும்பாலைக் கழிவான மொலாசஸ் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அவை மூடப்பட்டன. அடுத்த முயற்சி ஜெர்மனியில் நடந்தது. ஹைன்ரிச் ஷோலர் 1920களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறையில், உயரமான கொப்பரைகளில் மரத்தூளை அடைத்து, அழுத்தத்தில் சூடேற்றிய நீர்த்த கந்தக அமிலத்தை மேலிருந்து சிறிது சிறிதாக ஊடுருவச் செய்து, உருவான சர்க்கரை சிதைவதற்குள் அடியில் வடித்தெடுத்தனர். ஹாம்பர்க் நகருக்கு அருகிலுள்ள டோர்னெஷ் என்னும் ஊரில் இந்த ஆலை எழுந்தது. 1931இல் நோபல் பரிசு பெற்ற ஃப்ரீட்ரிஷ் பெர்கியஸ், சூடே இல்லாமல் 40 விழுக்காட்டுச் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மரத்தைக் கரைக்கும் முறையை மான்ஹைம் நகரை ஒட்டி நடத்தினார். அதில் சர்க்கரை மிகுதியாகக் கிடைத்தது. ஆனால் அமிலத்தை மீட்டெடுக்கும் செலவும், அது கலன்களை அரித்த அரிப்பும் வருமானத்தை விழுங்கின.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுவிட்சர்லாந்தின் எம்ஸ் என்னும் ஊரில் நடந்த மரச் சர்க்கரை ஆலையின் வரலாறு இவ்விடத்தில் சற்று விரித்துரைக்கத் தக்கது. கடல் இல்லாத அந்த நாட்டைப் போர் சூழ்ந்து, எண்ணெய் வரத்து நின்றபோது, மலைக்காட்டு விறகிலிருந்து எடுத்த சாராயம் பெட்ரோலோடு கலக்கப்பட்டது. போர் முடிந்த பின்னரும் அரசின் உதவித்தொகையில் ஆலை தொடர்ந்தது. அந்த உதவியை நீட்டிக்கலாமா என்று 1956 மே மாதம் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டபோது, பெரும்பான்மையினர் வேண்டாம் என்றனர். ஆலை நிறுவனம் மரத்தைக் கைவிட்டுச் செயற்கை இழைகளுக்கு மாறி இன்றும் வாழ்கிறது. சோவியத் நாட்டில் மட்டும் இத்தகைய ஆலைகள் டசன் கணக்கில் பெருகி, சாராயமும் கால்நடைத் தீவனத்துக்கான ஈஸ்ட்டும் செய்து வந்தன. சந்தை விலை என்ற கேள்வி அங்கே எழாததே அதற்குக் காரணம். 1991க்குப் பின் அக்கேள்வி எழுந்ததும் அவற்றுள் பெரும்பாலானவை நின்றுபோயின.

இதே போர்க் காலத்தில் தமிழகமும் மரத்தால் வண்டி ஓட்டியது, ஆனால் சர்க்கரை வழியாக அன்று. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் செய்து விற்ற கேஸ் பிளான்ட் என்னும் கருவி பேருந்துகளில் பொருத்தப்பட்டது. வண்டியின் பின்புறம் நின்ற உருளையில் மரக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுழற்றிக் காற்றூதி, போதிய காற்றின்றி எரியும் கரியிலிருந்து எழுந்த கார்பன் மோனாக்சைடு வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குச் செலுத்தினர். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே கனல் மூட்ட வேண்டியிருந்தது. வழியில் நிறுத்திச் சாம்பல் அள்ள வேண்டியிருந்தது. மேட்டில் வண்டி திணறியது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரி பஸ் மறைந்துபோயிற்று. காடில்லாத டெல்டாவுக்கு விறகும் கரியும் வெளியிலிருந்தே வந்தன. 1861–62இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை ரயில் பாதை திறக்கப்பட்ட காலத்தில் சென்னை மாகாண ரயில்களின் விறகுத் தேவை காடுகளை வேகமாக அழித்ததும், அதற்கு மாற்றாகக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டதும் அந்த நூற்றாண்டின் வரலாறு. இன்று அந்தச் சவுக்கும் பெரும்பாலும் காகித ஆலைகளுக்கே செல்கிறது.

1948ஆம் ஆண்டில் இந்திய அரசு மொலாசஸிலிருந்து எடுக்கும் சாராயத்தைப் பெட்ரோலில் கலப்பதற்கென்று ஆற்றல் சாராயச் சட்டம் இயற்றியது. சென்னை மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு விரிவுபடுத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். எரிபொருளாகும் சாராயமும் குடிக்கும் சாராயமும் ஒரே கொப்பரையில் பிறப்பவை என்பதால், இத்தொழில் எப்போதும் கலால் துறையின் கண்காணிப்பிலேயே நடந்து வந்திருக்கிறது.

இனி டெல்டாவின் களத்துமேட்டுக்கு வரலாம். இயந்திரம் வருவதற்கு முன், அறுத்த கதிர்க்கட்டுகளைக் களத்தில் ஓங்கி அடித்து முதல் நெல்லை உதிர்ப்பது தலையடி எனப்பட்டது. அதன் பின் தாளை வட்டமாகப் பரப்பி, மாடுகளைப் பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு, ஒட்டியிருந்த மிச்ச நெல்லையும் உதிர்ப்பது போரடி. இந்த இரண்டாவது வேலை நெல்லுக்காகவே செய்யப்பட்டதாயினும், அதனால் வைக்கோலுக்கும் ஒரு மாற்றம் நேர்ந்தது. குளம்படியில் தண்டு நசுங்கி, மேல்தோலின் மணல் சத்துள்ள மெழுகுப் பூச்சு உடைந்து, வைக்கோல் மெத்தென்று ஆகும். அப்படி மிதிபட்ட வைக்கோலை மாடு விரும்பித் தின்னும். மரச் சர்க்கரை ஆலைகளில் முதற்கட்டமாகத் தாளை நறுக்கி, அமிலமும் நீராவியும் கொண்டு உடைக்கும் வேலையை முன்பதம் என்பர். அதன் ஒரு பகுதியைக் களத்து மாடுகள் செய்துவந்தன என்று கொள்வதில் மிகையில்லை.

மீதிப் பகுதி மாட்டின் வயிற்றுக்குள் நடந்தது. மாட்டின் முதல் இரைப்பை, ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரவும் பகலும் இயங்கும் நொதிக்கலன். அங்கே வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் செல்லுலோஸ் சங்கிலியை அறுத்துக் குளுக்கோஸாக்கி, அதையும் அங்கேயே அசிட்டிக் அமிலம் முதலான எளிய அமிலங்களாக மாற்றுகின்றன. மாடு அந்த அமிலங்களை உறிஞ்சி உழைப்பாகவும் பாலாகவும் ஆக்கிக்கொள்கிறது. மேட்டூர் அணை 1934இல் முடிந்து டெல்டாவின் சாகுபடி பெருகிய பின்னரும் பல பத்தாண்டுகள் உழவு, பரம்பு, வண்டி, களம் எல்லாமே மாட்டின் வலிமையால் நடந்தன என்பதை எண்ணினால், வைக்கோலிலிருந்து எரிபொருள் என்பது அங்கு அன்றாட நடைமுறையாக இருந்தது விளங்கும். சாணம் வரட்டியாகி அடுப்புக்கும், எருவாகி வயலுக்கும் திரும்பியது. வாரமும் குத்தகையும் பேசும்போது நெல்லோடு வைக்கோலும் பேச்சில் வந்தது. வைக்கோலைப் பிரியாக முறுக்கி, சுற்றிச் சுற்றி உயர்த்தி, நடுவே நெல்லைக் கொட்டி, மேலே கூரை வேய்ந்து சாணமும் மண்ணும் பூசிய சேர்களில் ஆண்டு நெல் காக்கப்பட்டது. நீண்ட தாளுள்ள பழைய சம்பா வகைகளின் வைக்கோல் கூரைக்கும் போயிற்று. இத்தனை உரிமைக்காரர் இருந்த பொருளைக் கழிவு என்று அழைக்க அன்று யாருக்கும் தோன்றியிராது.

உமியின் நிலையும் அதுவே. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. டெல்டாவில் புழுங்கலரிசி உண்ணும் வழக்கம் மிகுதி என்பதால், நெல்லை அவிக்க நீராவியும் அதற்கு எரிபொருளும் வேண்டும். ஆலைகள் தாம் நீக்கிய உமியையே தம் கொதிகலனில் எரித்துக்கொண்டன. மீந்தது செங்கல் காளவாய்க்கும் வீட்டு உமியடுப்புக்கும் போயிற்று. உமிக்கரி பல் துலக்கவும் பயன்பட்டது. உமி எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் பொருள். சர்க்கரை எடுப்பவருக்கு உமியும் வைக்கோலும் மரத்தைவிடத் தொல்லை தருவது இந்தச் சிலிக்காவால்தான். அது அரவை இயந்திரத்தின் பற்களைத் தேய்க்கும், குழாய்களில் படியும். அமெரிக்காவில் 1922 முதல் ஓட்ஸ் தானியத்தின் உமியிலிருந்து ஃபர்ஃபுரால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருளைக் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் பெருமளவில் எடுத்து விற்றது. உமியின் ஹெமிசெல்லுலோஸ் அமிலத்தில் சிதைவதால் பிறக்கும் அப்பொருள், சாராயம் எடுப்பவருக்குத் தொல்லையாகவும் அந்நிறுவனத்துக்கு வருவாயாகவும் இருந்தது.

தஞ்சை மாவட்டம் 1960–61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வானபோது, விளைச்சலோடு அறுவடைக்குப் பிந்தைய இழப்பும் கவனத்துக்கு வந்தது. திருவாரூரில் அமைந்த நவீன அரிசி ஆலையில் 1967இல் ஒரு சிறு தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் தோன்றியது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் போன்றோரின் ஈடுபாட்டால் அது வளர்ந்து, 1972இல் நெல் பதன ஆய்வு மையமாகி, தஞ்சாவூரில் நிலைபெற்றது. இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக உள்ளதும் அதுவே. நெல்லைப் புழுக்குதல், ஈர நெல்லை உலர்த்துதல், தவிடு கெடாமல் காத்தல், உமியைப் பயன்படுத்துதல் ஆகியன அம்மையத்தின் ஆய்வுப் பொருள்களாயின. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பது இன்று பெருந்தொழிலாகிவிட்டதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. தவிடு, நெல் வந்து சேரும் அதே ஆலையில், ஒரே இடத்தில், ஆண்டு முழுவதும் குவிகிறது. வைக்கோலோ வயலெங்கும் சிதறி, ஆண்டில் சில வாரங்களே கிடைக்கிறது. கரும்புச் சக்கையும் தவிட்டைப் போல ஓரிடத்தில் குவிவது என்பதால்தான், 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காவிரிக் கரையிலுள்ள புகளூரில் அதைக் காகிதத்தின் முதன்மை மூலப்பொருளாக்க முடிந்தது. அதற்கும் கூட, சக்கையை எரித்து நீராவி எடுத்துவந்த சர்க்கரை ஆலைகளுக்கு மாற்று எரிபொருள் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

அமிலத்தின் இடத்தை நொதி பிடித்த கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் வார்களும் வெப்பமண்டல ஈரத்தில் மக்கிச் சிதைந்தபோது, காரணமான பூஞ்சைகளைச் சேகரித்து ஆராயும் பணி நடந்தது. பூகன்வில் தீவில் மக்கிய துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சை, செல்லுலோஸை அறுக்கும் நொதியை மற்றெல்லாவற்றையும்விட மிகுதியாகச் சுரந்தது. நேட்டிக் நகரின் இராணுவ ஆய்வகத்தில் எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் அதைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். துணியைக் காப்பதற்காகத் தொடங்கிய ஆய்வு, கழிவுத்தாளைச் சர்க்கரையாக்கும் ஆய்வாகத் திரும்பியது. 1977இல் அப்பூஞ்சைக்கு ரீஸைச் சிறப்பிக்கும் வகையில் டிரைகோடெர்மா ரீசி என்ற பெயர் சூட்டப்பட்டது. உலகின் செல்லுலோஸ் நொதித் தொழிலில் பெரும்பகுதி இன்றும் அதன் வழித்தோன்றல்களையே நம்பியுள்ளது. வைக்கோல் மீது காளான் முளைப்பதும் இதே செயல்தான். கோயம்புத்தூரில் 1940களின் தொடக்கத்தில் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டியது இந்தியக் காளான் வளர்ப்பின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

1973இன் எண்ணெய் நெருக்கடி இந்த ஆய்வை உலகெங்கும் முடுக்கிவிட்டது. இந்தியாவில் அதற்கு நடுவிடமாக விளங்கியது, டெல்லி ஐ.ஐ.டி.யில் டி. கே. கோஷ் உருவாக்கிய உயிர்வேதிப் பொறியியல் துறை. செல்லுலோஸை எரிபொருளாகவும் புரதமாகவும் மாற்றுவது குறித்து 1977இல் அவர் டெல்லியில் ஓர் உலகக் கருத்தரங்கை நடத்தினார். ஒரு நொதியின் வலிமையை எப்படி அளப்பது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு இருந்த நிலையில், 1987இல் சர்வதேச வேதியியல் ஒன்றியத்துக்காக அவர் வகுத்தளித்த முறை இன்றுவரை உலகப் பொதுமுறையாக நிற்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஆறு சென்டிமீட்டர் நீளமும் 50 மில்லிகிராம் எடையும் கொண்ட வடிதாள் துண்டைச் சுருட்டிச் சோதனைக் குழாயில் இட்டு, அரை மில்லிலிட்டர் நொதிக் கரைசலும் ஒரு மில்லிலிட்டர் தாங்கல் கரைசலும் சேர்த்து, 50 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, வெளிவந்த சர்க்கரையை அளக்க வேண்டும், இவ்வளவே அம்முறை. எந்த வேதியியல் ஆய்வகத்திலும் கிடைக்கும் வடிதாளையே அளவுகோலாக்கிய அந்த எளிமை, வசதி குறைந்த ஆய்வகங்களும் பெரிய நிறுவனங்களோடு ஒரே அளவையில் பேச வழிசெய்தது. இவ்வரலாற்றில் இந்தியாவின் மிகப் பெரிய கொடை இதுவே எனக் கருதுவது தகும்.

ஆய்வகங்களில் இவை நடந்த அதே பத்தாண்டுகளில், டெல்டாவில் வைக்கோல் தன் உரிமைக்காரரை ஒவ்வொருவராக இழந்தது. 1966இல் வந்த ஐ.ஆர். 8 முதலான குட்டை ரகங்கள் நெல்லைக் கூட்டித் தாளைக் குறைத்தன. அந்தக் குட்டைத் தாள் கூரைக்கு உதவவில்லை. டிராக்டர் பெருகியதும் உழவு மாடு குறைந்தது. சமையல் எரிவாயு வந்ததும் வரட்டி குறைந்தது. நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியதும் சேர் கட்டும் வேலை நின்றது. இறுதியாக அறுவடை இயந்திரம் வந்து, அறுத்தலையும் அடித்தலையும் வயலிலேயே முடித்து, தாளை நொறுக்கி வரிசையாகக் கொட்டிச் சென்றது. களமும் போரடியும் பெரும்பாலும் இல்லாமற்போயின. வயலில் கிடக்கும் தாளைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் பின்னர் வந்தது. சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் உருளை உருளையாகக் கட்டிய வைக்கோலை ஏற்றிய லாரிகள் மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் செல்கின்றன. அங்குள்ள பால்மாடுகளே இன்று டெல்டா வைக்கோலின் முதன்மை உரிமைக்காரர்.

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 5 விழுக்காட்டுடன் தொடங்கி, 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. இந்த எத்தனாலின் பெரும்பகுதி கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருவது. உணவுப்பயிரின் இடத்தைக் கைப்பற்றாத தாள், சக்கை, மரச் சில்லு ஆகியவற்றிலிருந்து வருவதை இரண்டாம் தலைமுறை எத்தனால் என்பர். மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆற்றல் உயிர் அறிவியல் மையம் உருவாக்கிய முறையில், நாளொன்றுக்கு 10 டன் மரச் சில்லு, சக்கை, பருத்திக் கட்டை போன்றவற்றைக் கையாளும் மாதிரி ஆலை 2016இல் உத்தராகண்டின் காசிப்பூரில் திறக்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 10 அன்று அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கப்பட்டுவந்த நெல் தாளில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் இலக்கு. அசாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனாலும் ஃபர்ஃபுராலும் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. மரத்துக்கு மிக நெருங்கிய மூலப்பொருளைக் கொண்டு இந்தியாவில் எழுந்த பெரிய ஆலை அதுவே.

பானிப்பட்டின் இலக்கைச் சற்று விரித்துப் பார்த்தால் தொழிலின் உள்நிலை தெரியவரும். ஒரு டன் உலர்ந்த வைக்கோலில் சுமார் 350 கிலோ செல்லுலோஸ் இருப்பதாகக் கொண்டால், அது முழுவதும் பிரிந்தால் 390 கிலோவை ஒட்டிய குளுக்கோஸ் கிடைக்கும். ஈஸ்ட் குளுக்கோஸை எத்தனாலாக்கும்போது எடையில் பாதிக்கு அருகே கரியமில வாயுவாகப் பிரிந்துவிடுவதால், மிஞ்சுவது 200 கிலோ, அதாவது 250 லிட்டர் எத்தனால். இலக்கின்படி டன்னுக்குக் கிடைப்பதோ 150 லிட்டர். படிகம் முழுவதும் உடையாமை, நொதியில் ஒரு பகுதி லிக்னினில் ஒட்டி வீணாதல் ஆகியவை இந்த இடைவெளிக்குக் காரணங்கள். ஏக்கருக்கு 2 டன் தாள் என்று வைத்தால், அத்தகைய ஓர் ஆலைக்கு 1 லட்சம் ஏக்கர் வயலின் வைக்கோல் முழுவதும் தேவை.

குடவாசல் வட்டாரத்தில் அத்தகைய ஆலைக்கு வைக்கோல் சேருமா என்பதற்கு டெல்டாவின் பருவங்களே விடை கூறவேண்டும். குறுவை அறுவடை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலத்தில் வருவதால், தாள் ஈரத்தில் கறுத்து மக்கிவிடும். அதைக் கட்டி வைக்க முடியாது. சம்பா, தாளடி வைக்கோல் நல்ல வெயிலில் காய்ந்து கிடைக்கிறது. அதற்குத்தான் பால்மாட்டுக்காரர் விலை கொடுத்துக் காத்திருக்கிறார். முதல் உலகப் போரில் தீவனம் இன்றித் தவித்த ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெக்மன் காரத்தில் வைக்கோலை ஊறவைத்து மாட்டுக்குச் செரிமானமாகச் செய்தார். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் வைத்துத் தீவனமாக்கும் முறை இந்தியாவில் 1980கள் முதல் கால்நடைத் துறையினரால் பரிந்துரைக்கப்படுகிறது. யூரியாவிலிருந்து பிறக்கும் அமோனியா லிக்னினின் பிடியைத் தளர்த்துகிறது. எத்தனால் ஆலைகளுக்கென ஆராயப்பட்ட அமோனியா முன்பதமும் இதே அறிவில் எழுந்ததுதான். எனவே வைக்கோலை எளிதாக்கும் ஒவ்வொரு முன்னேற்றமும் ஆலைக்கு உதவும் அதே அளவுக்கு மாட்டுக்கும் உதவி, இருவருக்குமான போட்டியைத் தொடரவே செய்கிறது.

மாட்டைத் தவிர இன்னோர் உரிமைக்காரரும் அவ்வயலில் உண்டு. சம்பா அல்லது தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் இருக்கும்போது, வயல் மெழுகு பதத்தில் இருக்கையில், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப் பயறும் தெளிப்பது டெல்டாவின் நெடுநாள் வழக்கம். அவை நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் மட்டுமே கொண்டு, பாசனமின்றி, எழுபது நாளை ஒட்டி விளைந்துவிடும். அரிவாள் கொண்டு அறுத்த காலத்தில், தாள் கட்டுகட்டாகக் களத்துக்குப் போனதும் முளைத்திருந்த நாற்றுகளுக்கு வெயில் கிடைத்தது. இயந்திர அறுவடையில் சக்கரம் சென்ற தடத்தில் முளைகள் நசுங்குகின்றன; கொட்டிய தாள் வரிசைக்கு அடியில் இருப்பவை வெளுத்துச் சாகின்றன. கட்டும் இயந்திரம் வர ஒரு வாரம் தாமதித்தால் அது மீண்டும் ஒருமுறை வளர்ந்த செடிகள் மேல் ஏறுகிறது. உடனே வந்தாலோ தாள் காய்ந்திருப்பதில்லை. ஆதலால் டெல்டாவில் வைக்கோல் சேகரிப்போர் ஒவ்வொரு வயலிலும் முதலில் கேட்கும் கேள்வி, உளுந்து தெளித்தாயிற்றா என்பது.